பேட்டரி மேல் போட்ட பழி

ஒரு கடைப் பையனிடம் பொய் சொல்லி நான் புது பேட்டரி வாங்கினேன். காசு கொடுத்து அல்ல, வாரண்டியில். சில வாரம் கழித்து மறுபடியும் போய், அதே பொய்யைச் சொல்லி இன்னொன்றும் வாங்கினேன். நான் திருப்பிக் கொடுத்த இரண்டிலுமே உற்பத்திக் குறை எதுவும் இல்லை. அதைக் காட்டும் அளவுகள் என் கையெழுத்தில் என் நோட்டிலேயே இருந்தன. இங்கிலாந்தில் ஒரு தொழிற்கல்லூரியில் மின்னியல் அடிப்படைகளைக் கற்பிக்கிறவன் நான். வோல்ட், ஆம்பியர், ஓம் இந்த மூன்றையும் பதினாறு வயதுப் பிள்ளைகளுக்குப் புரியவைப்பதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. ஆகவே தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு இடமே இல்லை.

கார் 1972-ம் ஆண்டு எம்.ஜி.பி. ரோட்ஸ்டர். ஆபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை, கூரை வைத்த ஜி.டி. வகையையும் சேர்த்து, ஐந்து லட்சத்துக்கு மேல் செய்தார்கள். 1798 சி.சி. எஞ்சின், இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர், கையால் இழுக்கும் சோக். சாவியைத் திருப்பினால் பின்சக்கரத்தின் பக்கமிருந்து மின்சார பெட்ரோல் பம்ப் டக்டக்கென்று அடித்து, குழாய் நிறைந்ததும் நின்றுவிடும். நான் அதை வாங்கியதற்குப் பெரிய காரணம் அதன் வயரிங்தான். உள்ளே கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. வயர்களின் நிறமே அவற்றின் வேலையைச் சொல்லிவிடும். பழுப்பு நிறம் பேட்டரியிலிருந்து நேரே வருவது, எப்போதும் உயிரோடு இருப்பது. வெள்ளை, சாவி போட்டால் உயிர் பெறுவது. பச்சை, சாவிக்குப் பிறகு ஃபியூஸ் வழியாக வருவது. ஊதா, சாவி இல்லாமலே ஃபியூஸ் வழியாக வருவது. கறுப்பு, எர்த். ஒரு தாளும் ஒரு மீட்டரும் இருந்தால் ஒரு சாயங்காலத்துக்குள் இந்தக் காரின் முழு மின்சாரத்தையும் வாசித்துவிடலாம். அவ்வளவு வெளிப்படையான காரை வைத்துக்கொண்டுதான் நான் வாசிக்க மறுத்தேன்.

நான் பிறந்து வளர்ந்தது சென்னை பாடியில். அங்கே லூக்காஸ் என்றால் முதலில் பஸ் நிறுத்தம், அப்புறம்தான் கம்பெனி. 1961-ல் தொடங்கிய லூக்காஸ் டி.வி.எஸ். எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு அரிசி பருப்பு தந்தது. இங்கே பழைய கார் வைத்திருப்பவர்கள் கூடினால், பர்மிங்காம் லூக்காஸின் மின்கருவிகளைக் கேலி பேசாமல் கலைய மாட்டார்கள். எனக்கு அது சுருக்கென்று தைக்கும். என் காரின் ஆல்டர்னேட்டரும் லூக்காஸ்தான். அதன் மேல் எனக்கு இருந்த ஒருவகைப் பாசமும், அதைச் சந்தேகிக்காமல் பேட்டரியைச் சந்தேகிக்க வைத்தது என்று இப்போது நினைக்கிறேன். ஐம்பது ஆண்டு ஓடிய கருவி தேயாமலா இருக்கும்? அப்படித் தேய்வது அதற்கு அவமானமும் இல்லை.

பழுது தொடங்கியது குளிர்காலத்தின் ஆரம்பத்தில். இரண்டு மூன்று நாள் நிறுத்தி வைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினால் செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றும். சில நாள் டக் என்ற சத்தத்தோடு நின்றுவிடும். பூஜ்யம் டிகிரிக் குளிரில் ஈயம்-அமில பேட்டரியின் திறன் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். அதே குளிரில் எஞ்சின் ஆயிலும் தடித்துப்போகும். ஆகவே முதல் நாள் காலையிலேயே தீர்ப்பு எழுதிவிட்டேன்: பேட்டரி போய்விட்டது. அந்தப் பேட்டரி உண்மையிலேயே வயதானதுதான். இந்தக் காரில் பேட்டரி இருப்பது இருக்கைகளுக்குப் பின்னால், தரைக்கு அடியில் ஒரு குழியில். ஆலையிலிருந்து வந்தபோது இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் தொடராக இருந்தன. முந்தைய உரிமையாளர் அவற்றை எடுத்துவிட்டு ஒற்றை 12 வோல்ட் வைத்திருந்தார். கம்பளத்தை விலக்கி, மூடியைத் திறந்து, இடுப்பொடியத் தூக்கி எடுத்து, காசு கொடுத்துப் புதியது வாங்கிப் போட்டேன். கார் துள்ளி எழுந்தது.

என்னை ஏமாற்றியது இந்தத் துள்ளல்தான். புது பேட்டரி போட்டால் எந்த மின்பழுதும் சில நாளைக்குத் தீர்ந்ததுபோல் தெரியும். கசிவு இருந்தால், நிறைந்த பேட்டரி வற்ற அதிக நாள் பிடிக்கும். எங்காவது தடை இருந்தால், புது பேட்டரி அதையும் மீறிக் கொஞ்ச நாள் தள்ளிவிடும். டெர்மினல்களைக் கழற்றிச் சுரண்டி மாட்டும்போது தற்செயலாக ஏதோ ஒரு நல்ல தொடுகையும் கிடைத்துவிடும். என் தீர்ப்பு சரி என்று காரே சான்று சொன்னதாக நான் எடுத்துக்கொண்டேன். பிறகு அது மறுபடி செத்தபோது, 'தீர்ப்பு தவறோ' என்று தோன்றவில்லை. 'இந்தப் பேட்டரியும் மட்டம்' என்றுதான் தோன்றியது.

அப்போது நான் ஒரு அளவு எடுத்தேன். பேட்டரியை முழுக்கச் சார்ஜ் செய்து, ஒரு இரவு தனியே வைத்துவிட்டுப் பார்த்தால் 12.7 வோல்ட். நிறைந்த, நல்ல பேட்டரியின் எண் அது. காரில் பொருத்தி, மகளைச் சாவி திருப்பச் சொல்லிவிட்டு, பேட்டரியின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்தேன். செல்ஃப் சோர்ந்து சுற்றிக்கொண்டிருக்கும்போது மீட்டர் 11.3 காட்டியது. நோட்டில் எழுதினேன். எழுதிய கையோடு பக்கத்தைப் புரட்டிவிட்டேன்.

அந்த 11.3 எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. பேட்டரி வலுவிழந்திருந்தால், செல்ஃப் சுற்றும்போது அதன் முனைகளில் வோல்டேஜ் ஒன்பதுக்கும் கீழே சரியும். அது சரியாமல் நிமிர்ந்து நிற்க, செல்ஃப் மட்டும் சோர்கிறது என்றால், பேட்டரி கொடுக்கத் தயாராக இருக்கிறது, வழியில் ஏதோ மறிக்கிறது என்று பொருள். இதே கணக்கை நான் கரும்பலகையில் போட்டுக் காட்டியிருக்கிறேன். மாணவர் யாராவது இந்த எண்ணைக் கொண்டுவந்து பேட்டரி பழுது என்று எழுதியிருந்தால் சிவப்பு மையால் அடித்திருப்பேன். என் விஷயத்தில் அந்த எண் எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். காருக்கு அடியில், ஈரத் தரையில் மல்லாந்து படுத்துத் தேடும் வேலையை அது என் தலையில் கட்டும் என்று தெரிந்தது. பேட்டரி மாற்றுவதென்றால் கடைக்குப் போனால் போதும்.

கடைக்குப் போனேன். கவுன்டரில் இருந்த பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. மரியாதையாகத்தான் கேட்டான்: "சார்ஜிங் சரியாக இருக்கிறதா, நிறுத்தி வைத்திருக்கும்போது கரண்ட் கசிகிறதா என்று பார்த்தீர்களா?" கார் தானாகப் பேட்டரியைக் காலி செய்திருந்தால் வாரண்டி செல்லாது என்பதால் கேட்க வேண்டிய கேள்வி அது. நான் கசிவைப் பார்த்திருக்கவே இல்லை. "நான் மின்னியல் ஆசிரியன், எல்லாம் சோதித்துவிட்டேன்" என்றேன். அவன் முகத்தில் ஒரு தயக்கம் வந்து, என் படிப்பைக் கேட்டதும் போய்விட்டது. புது பேட்டரி எடுத்துக் கொடுத்தான்.

இங்கே எங்கள் ஊரில் யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவர் இருக்கிறார். பஸ் டிப்போவில் மின்வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு கல்யாண வீட்டில் பந்தி முடிந்து பேசிக்கொண்டிருந்தபோது, பெருமையாகவே இந்தக் கதையைச் சொன்னேன். அவர் உடனே சொன்னார்: "தம்பி, பெற்றரியில பிழை இராது. எஞ்சின் எர்த்தைப் பாரும். ஓம் மீற்றர் வைச்சுப் பாக்காதையும். ஸ்ரார்ட் பண்ணேக்க எங்க வோல்ற் விழுகுது எண்டு பாரும்." "சரி அண்ணை" என்றேன். உள்ளுக்குள் வேறு ஓடியது: இவர் எங்கே படித்தார், இவருக்கு நான் வோல்டேஜ் டிராப் பற்றி விளக்க வேண்டியது போய் இவர் எனக்கு விளக்குகிறாரே. இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனாலும் இதுதான் என் பழுதின் வேர். அவருக்குப் பட்டம் இருந்திருந்தால் அன்றிரவே காரைத் தூக்கியிருப்பேன்.

அவர் வேண்டாம் என்று சொன்னதையே செய்தேன். ஓம் மீட்டரை எடுத்து, ஒரு முனையை எஞ்சினிலும் மறுமுனையை பாடியிலும் வைத்தேன். பீப் என்றது. எர்த் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டினேன்.

அந்தப் பீப் ஏன் ஒரு பொருட்டில்லை என்பதை விளக்கிவிடுகிறேன். பழைய கார் வைத்திருக்கிறவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. எஞ்சின் ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. செல்ஃப் மோட்டாரிலிருந்து கரண்ட் பேட்டரிக்குத் திரும்ப, எஞ்சின் தொகுதியையும் பாடியையும் இணைக்கும் ஒரு பின்னல் செம்புப் பட்டைதான் வழி. என் காரில் அது கியர்பாக்ஸின் அடியில் இருக்கிறது. செல்ஃப் இழுக்கும் கரண்ட் நூறு ஆம்பியருக்கு மேல். அந்த ஓட்டத்துக்கு வழியில் 0.02 ஓம் தடை இருந்தாலே இரண்டு வோல்டுக்கு மேல் அங்கேயே தொலைந்துவிடும். சாதாரண ஓம் மீட்டருக்கு அதன் சொந்த வயர்களின் தடையே இதைப்போல் பத்து மடங்குக்கு வரும். 0.02 ஓம் அதன் கண்ணில் படாது. துளியூண்டு கரண்டை அனுப்பி, போய்ச் சேர்ந்தால் பீப் அடிக்கும். ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் அடிக்கும். என் காரில் அந்தத் துளி கரண்ட் பட்டை வழியாகப் போகவே தேவையில்லை. கார்புரேட்டரிலிருந்து டாஷ்போர்டுக்கு வரும் சோக் கேபிளும், ஆக்ஸிலரேட்டர் கேபிளும் உலோகம்தானே.

வாரண்டியில் வாங்கிய அந்தப் பேட்டரியும் படுத்தது. இம்முறை கசிவை அளந்தேன். எல்லாவற்றையும் அணைத்து, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, நடுவில் ஆம்பியர் அளவில் மீட்டரை வைத்தேன். 0.41 ஆம்பியர். என் காரில் கடிகாரம்கூட இல்லை, பூட்டி நிறுத்தினால் பூஜ்யம்தான் காட்ட வேண்டும். எப்போதும் விழித்திருக்கும் கருவிகள் நிறைந்த இன்றைய கார்களிலேயே 0.05 ஆம்பியருக்கு மேல் போனால் தேடத் தொடங்குவார்கள். 0.41 என்றால் ஒரு நாளைக்குப் பத்து ஆம்பியர்-மணி. என் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 45-ஐ ஒட்டித்தான். இரண்டு நாளில் பாதி, நான்கு நாளில் காலி.

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். எண் அசையவில்லை. அசையாதது இயல்பு. இந்தக் காரின் ஃபியூஸ் பெட்டியில் இருப்பவை சொற்பம். ஹெட்லைட்டுக்குக்கூட ஃபியூஸ் கிடையாது. பேட்டரியிலிருந்து ஆல்டர்னேட்டருக்கும், சாவிக்கும், விளக்கு சுவிட்சுக்கும் போகும் பழுப்பு வயர்கள் எந்த ஃபியூஸையும் தொடாமல் போகின்றன. புதுக் காருக்குப் பொருந்தும் ஃபியூஸ் பிடுங்கும் முறை இங்கே பாதி வீட்டை மட்டுமே சோதிக்கும். அடுத்து நான் செய்திருக்க வேண்டியது ஆல்டர்னேட்டரின் பின்னால் இருக்கும் பிளக்கை இழுத்துப் பார்ப்பது. அரை நிமிட வேலை. அதைச் செய்யாமல், மலிவு மீட்டர், அதன் ஆம்பியர் அளவு நம்பத்தக்கதல்ல என்று எழுதி வைத்தேன். வோல்டேஜ் காட்டும்போது நம்பிய அதே மீட்டர்.

அடுத்து நான் செய்ததுதான் இருப்பதிலேயே கேவலமானது. இதை வீட்டில்கூட இதுவரை சொன்னதில்லை. அந்தப் பேட்டரியைச் சார்ஜ் செய்து வைத்திருந்தேன். அப்படியே எடுத்துப்போனால் கடைக்காரர்களின் சோதனைக் கருவி அதை நல்லது என்று காட்டிவிடும் என்று பயந்தேன். காரில் மாட்டி, ஹெட்லைட்டைப் போட்டு, விளக்கு மங்கி அணையும்வரை விட்டுவைத்துக் காலி செய்தேன். டாக்டர் வீட்டுக்குப் போனதும் காய்ச்சல் விட்டுவிடும் குழந்தையைப்போல, இந்தப் பேட்டரியும் சோதனையில் மட்டும் நன்றாக இருந்து ஏமாற்றும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். காலியாகக் கிடந்தால் ஈயத் தகடுகளின் மேல் சல்ஃபேட் படிந்து இறுகும், பேட்டரியின் ஆயுள் குறையும். அதுவும் எனக்குத் தெரியும். நல்ல பொருளைக் கெடுத்து, கெட்டுப்போயிற்று என்று நீட்டினேன். அதே பையன்தான் இருந்தான். அதே கேள்வி. அதே பதில். மூன்றாவது பேட்டரியோடு வீடு திரும்பினேன்.

என்னை நிறுத்தியது மனசாட்சி அல்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை மகள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். எஞ்சின் இரண்டு சுற்று முனகி நின்றது. மறுபடி திருப்பினாள். "அப்பா, இது சுடுது" என்றாள். சோக் இழுக்கும் குமிழைப் பிடித்திருந்தவள் கையை உதறினாள். பானட்டைத் திறந்தால் பிளாஸ்டிக் கருகும் வாடை. எஞ்சின் ஐஸாகக் கிடந்தது, கேபிள் மட்டும் தொட முடியாத சூடு. செம்புப் பட்டை வழியாகத் திரும்ப முடியாத கரண்ட், கிடைத்த மெல்லிய கம்பியில் ஏறி ஓடியிருக்கிறது. அந்தக் கேபிளின் மறுமுனை பெட்ரோல் நிறைந்த கார்புரேட்டரில் இருக்கிறது. பெட்ரோல் ஒரு சொட்டுக் கசிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்னும் என்னால் முழுசாக நினைத்துப் பார்க்க முடியவில்லை. மூடியில்லாத காரில், இருக்கைப் பட்டை போட்டுக்கொண்டு, என் பிள்ளை உட்கார்ந்திருந்தாள். வாரங்களுக்கு முன்பே 11.3 என்று எழுதிய நோட்டு என் மேசையில் கிடந்தது.

பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, மறுநாள் கல்லூரிக்கு விடுப்புச் சொல்லி, காரைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினேன். பெட்ரோல் இணைப்புகள் எல்லாம் காய்ந்திருக்கின்றனவா என்று பார்த்தபிறகு, தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சோக் கேபிளை கார்புரேட்டரிலிருந்து விடுவித்து, யாழ்ப்பாணத்து அண்ணர் சொன்னபடியே செய்தேன். மீட்டரின் ஒரு முனை பேட்டரி நெகட்டிவில், மறுமுனை எஞ்சின் இரும்பில். ஒரு நொடி செல்ஃப். 2.3 வோல்ட். அரை வோல்டைத் தாண்டக் கூடாத இடம். அடியில் படுத்துப் பார்த்தால், பட்டை பச்சை பூத்து, பின்னலில் முக்கால்வாசி இழைகள் அறுந்து தொங்கின. போல்ட்டுக்கு அடியில் துருவும் பெயின்டுமாக இருந்தது. பட்டையை மாற்றி, இரும்பு பளிச்சிடும்வரை சுரண்டி, கிரீஸ் தடவி இறுக்கினேன். மறுபடி அளந்தால் 0.1-க்கும் கீழே. பேட்டரி முனைகளில் இப்போது செல்ஃப் சுற்றும்போது 10.5 காட்டியது. முன்னைவிடக் குறைவு. மறிப்பு நீங்கியதால் கரண்ட் தாராளமாக ஓடுகிறது, அதனால் வோல்டேஜ் இறங்குகிறது, எஞ்சின் அரைச் சுற்றில் பற்றிக்கொள்கிறது. ஆரோக்கியமான எண் இதுதான். நான் பார்த்த உயர்ந்த எண் நோயின் எண்.

பிறகு ஆல்டர்னேட்டரின் பிளக்கை இழுத்தேன். 0.41 பூஜ்யத்துக்கு விழுந்தது. உள்ளே டயோடு ஒன்று பின்னோக்கிக் கசிந்துகொண்டிருந்தது. கார் ஓடும்போது முனைகளில் 14 வோல்ட் வந்ததால், அது நன்றாக இருப்பதாக நம்பியிருந்தேன். டயோடு தொகுப்பை மாற்றியாயிற்று. இரண்டு பழுதுகள் ஒன்றுக்கு ஒன்று திரை பிடித்தன. கசிவு பேட்டரியைக் குறைத்தது, எர்த் மிச்சத்தைத் தடுத்தது. ஒன்றை மட்டும் சரிசெய்திருந்தால் கார் பாதிதான் தேறியிருக்கும். இது உண்மையிலேயே கொஞ்சம் சிக்கலான பழுதுதான். ஆனால் அதை என் சார்பில் சொல்லிக்கொள்ள எனக்கு உரிமையில்லை. இரண்டையும் காட்டும் எண்கள் என்னிடம் இருந்தன, நான் தேடவில்லை.

அண்ணர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அன்று கல்யாண வீட்டில் அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டே என்ன நினைத்தேன் என்பதையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். காயம் பட்டது தெரிந்தது. பிறகு, "சோக் கேபிளை மாத்தினீரோ? வெளியால நல்லாத் தெரியும், உள்ளுக்கு எரிஞ்சிருக்கும்" என்றார். மாற்றியிருக்கவில்லை. அன்று சாயங்காலமே ஆர்டர் செய்தேன்.

கடைக்கு இன்னும் போகவில்லை. இரண்டு பேட்டரிக்கான பணத்தை எடுத்து உறையில் வைத்திருக்கிறேன். கார் நிறுத்தும் இடம்வரை போய்த் திரும்பியும் இருக்கிறேன். தபாலில் அனுப்பிவிடலாம், கேள்வி வராது. ஆனால் இரண்டாவது முறை அந்தப் பையன் தந்த ரசீது என்னிடம் இருக்கிறது. 'சார்ஜிங், கசிவு இரண்டையும் வாடிக்கையாளர் சோதித்துவிட்டார்' என்று எழுதி, அதன் கீழே தன் கையெழுத்தைப் போட்டிருக்கிறான்.